துளையில் மெழுகு

ஜூன் 4, செவ்வாய்

மேல்மாடி வீட்டுப் பெண் காலையிலேயே கதவைத் தட்டினாள். "அக்கா, நீங்க பைப் வேலை பார்ப்பீங்களாமே? எங்க பாத்ரூம்ல சொட்டிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் எங்கள் வீட்டு மனிதர் செய்த வேலை. மாடிப்படியில் அவளிடம், "லீவு நாள் வந்தா என் வீட்டுக்காரி பைப்பும் கையுமாத்தான் இருப்பா" என்று பெருமையடித்திருக்கிறார். எந்தப் பைப் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா?

பால்கனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பாதி அறுத்த வேர்க்கட்டை, அரம், உப்புத்தாள், வைஸ் இடுக்கியில் பிடித்து வைத்திருந்த பைப் கிண்ணம். அவள் முகம் போன போக்கு!

"இது புகை பிடிக்கிற பைப்பாக்கா? சார் பிடிப்பாரா?"

"இல்ல."

"நீங்களா?"

"இல்ல."

"அப்புறம் யாருக்கு?"

வந்துவிட்டாள். எங்கே சுற்றினாலும் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். யாருக்கு. பக்கத்துத் தெருக்காரர் மீன் தொட்டி வைத்திருக்கிறார், யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் இவர் தினமும் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுகிறார். யாருக்காம்?

"எங்க அண்ணனுக்கு" என்றேன். அப்படிச் சொன்னால்தான் ஆளைவிடுகிறார்கள். அவள் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

ஜூன் 6

கட்டையை அறுத்தால் சரியாக நடுவில் மண் அடைந்த ஒரு ஓட்டை. மக்கு வைத்து மூடிச் சாயம் பூசினால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. தூக்கிப் போட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டார்.

"வாம்மா, வா. இன்னைக்கு என்ன கொண்டு வந்திருக்கே? உங்க அண்ணனை மேல அனுப்பாம நீ ஓய மாட்டே. பூச்சி மருந்து வித்தாக்கூட புட்டியில எச்சரிக்கை எழுதி ஒட்டறான்..." நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடர்ந்தார். அண்ணிக்கு எதையும் நாடகமாகத்தான் செய்யத் தெரியும், மூச்சு வாங்குவதைக்கூட.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நானா அவன் வாயில் திணித்தேன்? கல்லூரி நாளிலிருந்து பிடிக்கிறவன். அவனுடைய பழைய பைப்பில் வாயில் வைக்கிற கடிமுனை உடைந்தபோது, எங்கள் லேப்பில் கிடந்த பொருளை வைத்து ஒரு புது முனை செய்து கொடுத்தேன். பல்செட் செய்து பிழைக்கிறவளுக்கு அது ஒரு வேலையா? அன்றைக்குத்தான் ஒரு பைப்பை முழுசாகக் கழற்றி உள்ளே பார்த்தேன். தண்டு வழியாக ஓடுகிற மெல்லிய துளை, கிண்ணத்தின் அடியில் நடுவாக வந்து சேர வேண்டும். ஒரு நூல் மேலே போனால் அடியில் ஈரம் தேங்கும். ஒரு நூல் விலகினால் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அப்படியே கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இவ்வளவு சின்னச் சாமானுக்குள் இவ்வளவு கறாரா என்று அசந்துபோனேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

நானாக முதலில் செய்து கொடுத்ததைப் பிடித்துவிட்டு அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது பைப்பா, கெட்டிலா? களகளன்னு கொதிக்குது." அடுத்ததற்கு, "கையில வெச்சுக்க முடியலடி, சுடுது." ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவேன். அழாத குறையாக வீட்டுக்கு வந்து, அவனைத் திட்டிக்கொண்டே மறுபடி துளைப்பேன்.

இப்போது அதெல்லாம் இல்லை. கை தேறிவிட்டது. போன வருஷத்திலிருந்து ஒரு குறை கிடையாது. அதிலும் கடைசியாகச் செய்த வளைந்த தண்டுப் பைப் இருக்கிறதே! இன்றைக்கும் சொன்னான்: "சாப்பிட்டதும் அதை ஒரு தடவை பிடிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது. புகை ஜில்லுன்னு வருது."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். அடித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 12, புதன்

கொதிக்கிறது.

கடிகாரக் கடை மாடியில் பைப் பிடிக்கிறவர்கள் ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு போட்டி. எல்லோருக்கும் ஒரே அளவு புகையிலை, இரண்டே தீக்குச்சி. யார் கையில் இருக்கிற பைப் கடைசிவரை அணையாமல் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அவரவர் செய்த பைப்பைக் கொடுத்தால் போதும், பிடிப்பதற்கு வட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. விண்ணப்பம் போட்டிருந்தேன். இன்று வட்டத்தின் செயலாளர் போனில் பேசினார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவராம்.

"பைப் செய்யிற சாரைக் கூப்பிடுங்கம்மா."

"நான்தான் சார்."

"வெளியில போயிருக்காரா?"

"செய்யறதே நான்தான்."

"ஓ." அந்த ஓ எவ்வளவு நீளம்! "டிரில்லிங் எல்லாம் சார் பண்ணித் தருவாரோ?"

எங்கள் வீட்டு சார் ஒரு ஆணி அடித்தால் விரலுக்குக் கட்டுப் போட நான் பக்கத்தில் நிற்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. நானேதான் என்றேன். அதற்குக் கப்பல்காரர் மிகுந்த கருணையோடு ஒரு யோசனை சொன்னார். போட்டியில் வைத்து அணைந்துபோனால் எனக்குச் சங்கடமாக இருக்குமாம். உறுப்பினர்களின் மனைவிமார் தைத்த புகையிலைப் பைகளையெல்லாம் பார்வைக்கு வைக்கிற மேஜை ஒன்று இருக்கிறதாம். அதில் வைத்துவிடலாமாம்.

"பத்த வெச்சுப் பாருங்க சார். அதுக்குத்தான் செஞ்சிருக்கேன். எங்க அண்ணன் தினம் பிடிக்கிறார், ஒரு குறை சொன்னதில்ல" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டுமே. போட்டியில் சேர்த்துக்கொண்டார். ஜூலைக் கடைசி ஞாயிறு.

பை தைக்கிற மேஜையாம்!

ஜூன் 15

அந்த வளைந்த தண்டையே அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். பழகிய பைப்தான் போட்டிக்கு நல்லது. உள்ளே கரி படிந்திருந்தால் சூடு தாங்கும், நிதானமாக எரியும். அண்ணனிடம் கேட்டால் இழுக்கிறான்.

"அதையா? வேற புதுசா ஒண்ணு செய்யேன்."

"கரி படிஞ்சது வேணும்."

"அது இன்னும் சரியாப் படியல."

"தினம் பிடிக்கிறேன்னியே?"

"படிஞ்சிருக்கு, படிஞ்சிருக்கு. ரெண்டு நாள் பொறு, நானே கொண்டு வரேன்."

பிரிய மனசில்லை போல. சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும்.

ஜூன் 19

கொண்டு வந்து கொடுத்தான். உட்காரக்கூட இல்லை. ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போ என்றால், வேலை இருக்கிறதாம். கிண்ணத்துக்குள் நல்ல கருப்பு.

ஜூன் 20, வியாழன்

என்ன எழுதுவது, எங்கே ஆரம்பிப்பது.

சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கடிமுனையைத் திருகிக் கழற்றினேன். தினம் பிடிக்கிற பைப் என்றால் தண்டுக்குள் பழுப்பாகப் பசை இருக்கும், மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஒன்றுமில்லை. பாலிஷ் வாசனை. பஞ்சு சுற்றிய கம்பியை உள்ளே விட்டேன். பாதியில் முட்டி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

இளஞ்சிவப்பு.

மெழுகு. எங்கள் லேப் மெழுகு. பல்செட்டுக்கு முதலில் ஈறு செய்து பார்ப்போமே, அந்த மெழுகு. நான் வைத்ததுதான். சாயம் பூசும்போது துளைக்குள் சாயமும் தூளும் இறங்காமல் இருக்க ஒரு உருண்டை அடைப்பேன், முடிந்ததும் நோண்டி எடுத்துவிடுவேன். வேறு யாருக்கும் இந்த வழக்கம் இருக்காது, லேப் புத்தி. அன்றைக்குப் பார்த்து அவசரப் பல்செட் என்று முதலாளி போன் செய்தார். எடுக்க மறந்து கடிமுனையைப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். வாயில் வைத்து இழுத்துப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. பிறர் வாய்க்குப் போவதை நம் வாயில் வைப்பதா? அதுவும் லேப் புத்திதான்.

சரி. மறந்தது என் தப்பு. ஆனா இதுல ஊசி முனை அளவு காத்துகூடப் போகாதே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பத்த வெச்சு இழுத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. மெழுகு உருகி வாய்க்கு வந்திருக்குமே. எப்படிடா ஜில்லுன்னு வந்துச்சு? எது ஜில்லுன்னு வந்துச்சு?

கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன். கரி படிவதென்றால் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இது பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் முழுசாக எரியாத ஒரு காகிதத் துணுக்கு. பேப்பரின் விளையாட்டுப் பக்கம். காகிதத்தைச் சுருட்டி உள்ளே வைத்துக் கொளுத்தியிருக்கிறான். அதற்குத்தான் ரெண்டு நாள்.

ஜூன் 21

அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அடிக்கட்டும்.

ஜூன் 23, ஞாயிறு

போனேன். சாப்பாட்டு மேஜை மேல் பைப்பை வைத்தேன். அதற்குப் பக்கத்தில், நோண்டி எடுத்த மெழுகு உருண்டையை வைத்தேன்.

"இது உள்ள இருந்துச்சு. இப்ப சொல்லு, ஜில்லுன்னு எப்படி வந்துச்சு?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி மின்விசிறியைப் பார்த்தார்.

விட்டுவிட்டானாம். போன வருஷமே விட்டுவிட்டானாம். ஏன் என்று கேட்டேன். அண்ணியைக் காட்டிச் சொன்னான்: "இவ மாடி ஏறும்போது பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு நின்னு ஏறினா. நெஞ்சுல விசில் மாதிரி சத்தம். என் வாயில பைப் புகைஞ்சுக்கிட்டிருக்கு. அன்னைக்கு அணைச்சதுதான்."

நல்ல காரியம். யார் இல்லையென்றது? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

"சொன்னா நீயும் விட்டுடுவியே. எனக்காகத்தானே செய்யறே."

அதற்குமேல் அண்ணி. "நான் திட்டறதை நிறுத்தினா உனக்குச் சந்தேகம் வந்துடுமேன்னுதான்மா திட்டிக்கிட்டே இருந்தேன். எனக்கு மட்டும் உன்னைத் திட்டணும்னு ஆசையா? ஒவ்வொரு வாரமும் புதுசா என்னத்தைத் திட்டறதுன்னு யோசிச்சே எனக்குத் தலை வலிக்கும்."

இதற்குச் சிரிப்பதா, அடிப்பதா? பைப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 24

இவருக்கும் தெரியுமாம்!

குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்: "மச்சான்தான் சொல்ல வேண்டாம்னார். நீ சந்தோஷமா இருந்தே. ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்." இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எனக்கு மட்டும் காதில் பூ. மாடி வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ.

நானே பரிமாறிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 25

தூக்கம் இல்லாமல் காலையிலேயே எழுந்து எழுதுகிறேன்.

எனக்காகத்தானே செய்யறே. இந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவனுக்காகவா செய்தேன்? முதல் பைப் அவனுக்காக, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வேர்க்கட்டையை ஈரத்துணியால் துடைத்து, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்த நேரத்தில் அண்ணன் எங்கே இருந்தான்? அவன் ஞாபகமே எனக்கு இருந்ததில்லை. பகல் முழுக்க அடுத்தவர் பல்லைச் செய்கிறேன். அளவு டாக்டர் கொடுக்கிறார், நிறம் டாக்டர் சொல்கிறார், அவசரம் முதலாளிக்கு. இது ஒன்றுதான் என் இஷ்டத்துக்கு நான் செய்கிறது. அதையும் அண்ணனுக்குச் செய்கிற சேவை என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஒரு பெண் எதைச் செய்தாலும் யாருக்காகவாவதுதான் செய்ய வேண்டுமா?

கோபம் அவன் விட்டதற்கு இல்லை. பொய் சொன்னதற்குக்கூட இல்லை போலிருக்கிறது. குறை சொல்வதை நிறுத்தினானே, அதற்குத்தான். அவன் குறை சொன்னபோதெல்லாம் நான் கற்றுக்கொண்டேன். பாராட்ட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஒன்றுமே தெரியாது. இப்போது வீட்டில் இருக்கிற பைப்பெல்லாம் நல்லதா, குப்பையா? யாரைக் கேட்பேன்? இந்த அழகில் கப்பல்காரரிடம் வாய்ச்சவடால் வேறு அடித்திருக்கிறேன்.

விலகிக்கொள்ளலாமா?

விலகினால் பை தைக்கிற மேஜைதான் சரியான இடம் என்று ஆகிவிடும். மாட்டேன்.

ஜூன் 27, வியாழன்

அண்ணனிடம் இருக்கிற என் பைப் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லி இவர் மூலம் சொல்லியிருந்தேன். அண்ணியே துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். மாடிப்படியில் அவர் வருவது உள்ளேயே கேட்டது. கொஞ்சம் ஏறுவார், சத்தம் நிற்கும். மறுபடி கொஞ்சம் ஏறுவார், நிற்கும். கதவைத் திறந்துகொண்டு கீழே ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். நாடகம் என்று எழுதினேனே இங்கே, சில பக்கம் முன்னால். பேனாவைப் பிடுங்கி எறிய வேண்டும்.

உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தேன். மூச்சு சரியானதும், "உன் பேரைச் சொல்லவே பயப்படறாருமா" என்றார். பயப்படட்டும் என்றேன். ஆனால் குரல் அவ்வளவு கெட்டியாக வரவில்லை.

ஜூன் 29

புகையிலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "சார் எந்தப் பிராண்டும்மா பிடிப்பார்?" என்றார்.

"எனக்கு" என்றேன்.

ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும், காசா பணமா.

ஜூன் 30, ஞாயிறு

பிடித்தேன். நானே. பால்கனியில் நாற்காலி போட்டு, எல்லாப் பைப்பையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. இத்தனை வயதுக்கு மேல்!

முதல் இழுப்பில் கண்ணில் நீர் வந்து, இருமி, குடல் வாய்க்கு வந்துவிட்டது. இவர் ஓடி வந்து முதுகைத் தட்டி, "உள்ள இழுக்கக் கூடாது, வாயிலேயே வெச்சு விட்டுடணும்" என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மச்சான் சொல்லியிருக்கிறாராம். எல்லாம் மச்சான்தான். மாடி வீட்டுப் பெண் துணி காயப்போட வந்தவள், மேலேயிருந்து என்னைப் பார்த்துவிட்டுத் துணியோடு உள்ளே போய்விட்டாள்.

பிறகு பழகிவிட்டது. தெரிந்தும் விட்டது.

முன்பு அவன் திட்டித் திட்டித் திருத்திய பைப் நன்றாக இருக்கிறது, சின்னப் பிள்ளை செய்த மாதிரி முகம் கோணலாக இருந்தாலும். அதற்குப் பிறகு செய்ததெல்லாம், அந்தப் பளபளப்பான வளைந்த தண்டு உட்பட, இழுத்து இழுத்துக் கன்னம் ஒட்டிப்போகிறது. காற்றே வருவதில்லை. இரண்டு இழுப்பில் அணைந்துபோகிறது. ஏன் என்று எனக்குத்தான் தெரியும். போன வருஷம் தண்டு ஒல்லியாக இருந்தால் அழகு என்று நினைத்து மெல்லிய டிரில் பிட்டுக்கு மாறினேன். அண்ணன் "அருமை" என்றான். அப்படியே நின்றுவிட்டேன். ஒவ்வொன்றிலும் அதே தப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு அருமை.

தலை சுற்றுகிறது. புகையிலையாலா, வயிற்றெரிச்சலாலா, தெரியவில்லை. இனி ஜென்மத்துக்கும் பிடிக்க மாட்டேன், வாய் முழுக்கச் சாம்பல் ருசி. ஆனால் பிடித்தது நல்லதாகப் போயிற்று.

ஜூலை 7

மெல்லிய பிட்டைக் குப்பையில் போட்டேன். புதுக் கட்டை. நேர்த்தண்டு, எந்த அலங்காரமும் இல்லை.

ஜூலை 16

துளை நேராகப் போய்க் கிண்ணத்தின் அடியில் நடுவாக வெளியே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், மறுபடி மறுபடி பார்த்தேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. இவரைக் கூப்பிட்டேன். "ஓட்டை" என்றார். ஆமாம், ஓட்டை.

மெழுகு அடைத்தேன். சாயம் பூசினேன். எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்று எழுதியும் வைக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

கடிகாரக் கடை மாடி. நீளமான அறை, எல்லா ஜன்னலும் திறந்திருந்தும் கண் எரிந்தது. எல்லோரும் ஆண்கள். எனக்கென்று அக்கறையாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கே? புகையிலைப் பைகள் இருந்த மேஜைக்குப் பக்கத்தில். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டி நடக்கிற மேஜையருகே போட்டு உட்கார்ந்தேன். ஒருவர் மீசைக்குள் ஏதோ சொன்னார்.

என் பைப்பைக் கப்பல்காரரே எடுத்துக்கொண்டார். இரண்டு தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. ஒவ்வொருத்தருடையதாக அணைந்துகொண்டு வந்தது. என்னுடையது கடைசிவரை நிற்கவில்லை, ஆனால் முதலிலும் போகவில்லை. பாதிப் பேருக்கு மேல் அணைந்த பிறகுதான் அணைந்தது.

அப்புறம் நடந்ததுதான் தாங்கவில்லை. வரிசையாக வந்து பாராட்டுகிறார்கள். "ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்கம்மா." "லேடீஸ்ல இப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்ல." மற்றவர்களுடைய பைப்பையெல்லாம் பிரித்து மேய்ந்தார்கள். பக்கத்தில் ஒருத்தருடையதைக் கையில் வாங்கி, இதைவிட மூங்கிலில் ஊதலாம் என்றார்கள், அவரும் சிரித்துக்கொண்டு எப்படித் திருத்துவதென்று கேட்டுக்கொண்டார். எனக்கு மட்டும் அழகு. மறுபடியும் அருமை. மறுபடியும் ஜில்லு.

எழுந்துவிட்டேன். "சார், எங்க வீட்ல இருக்கவங்க ஒரு வருஷமா என்னைப் பாராட்டியே ஏமாத்தினாங்க. அதைக் கேட்க நான் இவ்வளவு தூரம் வரல. இதுல என்ன குறைன்னு சொல்லுங்க" என்றேன். குரல் நடுங்கியது, கோபத்தில்தான்.

கப்பல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைப்பைக் கழற்றினார். "துளை சரியாத்தான் இருக்கு. கிண்ணத்துச் சுவர் முன்பக்கம் மெலிசு, அதான் சூடாகி வேகமா எரியுது. ஆனா பெரிய தப்பு இது" என்று கடிமுனையைத் தூக்கிக் காட்டினார். "இவ்வளவு தடிமனா வெச்சா தாடை வலிக்கும்மா. யார் வாய்க்குச் செஞ்சீங்க, குதிரைக்கா? என்ன வேலை பார்க்கறீங்க?"

பல்செட் செய்கிறேன் என்றேன்.

அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்வது. மனிதர் விடவில்லை. "பத்த வைக்கவே வேண்டாம். பைப் பிடிச்சுப் பழகின வாய் ஒண்ணு வீட்ல இருந்தா, வெறும் பைப்பைக் கடிச்சுக்கிட்டுப் பேப்பர் படிக்கச் சொல்லுங்க. எங்க இடிக்குது, காத்து எப்படி வருதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. சொன்னதைத் திருத்திக்கிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க" என்றார்.

வாங்க என்று சொன்னார். பை தைக்கிற மேஜையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூலை 30

பழகின வாய். உலகத்தில் வேறு வாயே இல்லையா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

போனேன். இன்னும் கோபம் தீரவில்லை என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். புதுக் கடிமுனை போட்ட பைப்பை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"புகையிலை கிடையாது. பத்த வெச்சேன்னு தெரிஞ்சா கையை முறிச்சுடுவேன். ஒரு வாரம் வெறும் வாயில வெச்சுக்கிட்டு இரு. என்ன தோணுதோ அதைச் சொல்லு. நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னே, அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"நல்லா இருந்தா?" என்றான்.

"இருக்காது."

அண்ணி சிரித்தார். சிரிப்பின் நடுவில் மூச்சுக்கு நிறுத்தினார். எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8

ஒரு தகவலும் இல்லை. நானாகப் போன் செய்ய மாட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

என்ன கொழுப்பு இந்த மனுஷனுக்கு!

காலையில் அண்ணன் இவர் கையில் பைப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னாலேயே போன். நலம் விசாரிப்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. "இது என்னடி பைப், ஒரு பக்கம் கடைவாய்ப் பல்லுல இடிக்குது. பேப்பர்ல ரெண்டு பக்கம் படிக்கறதுக்குள்ள தாடை இறுகிப்போச்சு. கிண்ணம் கனம், வாயிலேர்ந்து தொங்குது. அப்புறம் இடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. பல்செட் செய்யறவள்னு தயவுசெஞ்சு வெளியில சொல்லிக்காதே."

"உன் பல்லு கோணல், அதுக்கு நான் என்ன பண்ண?" என்று கத்தினேன். அவனும் கத்தினான். பின்னாலிருந்து அண்ணி, "அந்தக் கலரும் எனக்குப் பிடிக்கலேன்னு சொல்லுங்க" என்கிறார். நீங்க சும்மா இருங்கண்ணி, இப்பதான் உங்களுக்குத் திட்டற வேலை இல்லையே என்றேன். போனை வைத்த பிறகும் ஆறவில்லை. இவர் குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கி, ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். நான் எங்கே சிரித்தேன்?

இடது பக்கம் தூக்குகிறதாம்! வந்துவிட்டார் பெரிய நிபுணர்.

கண்ணாடி மேல் படுக்க வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன்.

தூக்கத்தான் செய்கிறது. அரத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.